எனக்காகப் பெரட்டுக்கு நின்ற அப்பாவுக்கு

என் அருமை அப்பா,

நலமான்னு கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்கணும். உங்ககிட்ட அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது? நாங்க நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி, ஆனா ஃபேக்டரி வேலையை விடமாட்டேங்குறாங்க. தம்பி ஜெரோம் என்னைவிட உயரமாயிட்டான், வாய் அதைவிட நீளம். நான் தெப்ராவ்ல ஒரு பல் கிளினிக்ல கவுண்டர்ல உட்கார்ந்து பேர் கூப்பிடுறேன்.

உங்க மோட்டார் சைக்கிள் மாசாய் வீட்டு வாசல்லயே நிக்குது. அன்னிக்கு மழைன்னு பஸ்ல போனீங்க. அதனாலதான் அது இங்க மாட்டிக்கிச்சு, நீங்க அங்க மாட்டிக்கிட்டீங்க. ஜொகூர்லயிருந்து சிங்கப்பூர் போற பாலத்தை மூடப்போறாங்க, இந்தப் பக்கம் வந்தா திரும்பப் போக முடியாதுன்னு பேச்சு அடிபட்டுச்சு. சிங்கப்பூர்லயே தங்குறவனுக்குத்தான் வேலைன்னு உங்க கிடங்குல சொல்லிட்டாங்களாம். ரெண்டு சட்டையை மடிச்சுப் பையில வெச்சீங்க.

"ரெண்டு வாரம்தான்லா. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்துருவேன்."

அதுதான் நீங்க வாசல்ல நின்னு சொன்னது. வேற எதையும் விசேஷமா சொல்லல. நானும் டிவியிலிருந்து திரும்பிப் பார்க்கல, ஏன் பார்க்கணும்?

அப்ப எனக்குப் பதினாறு வயசு, ஃபோர்ம் ஃபோர். கொரோனாவுக்கு எம்சிஓன்னு ஊரடங்கு வந்துச்சு, பள்ளிக்கூடம் போனுக்குள்ள போயிருச்சு. வீட்டுல உருப்படியா இருந்தது அம்மா போன் ஒண்ணுதான். காலையில அது ஜெரோமுக்கு. மூணாம் வகுப்புப் பையனுக்கு வாய்ப்பாடு முக்கியம், எனக்கு என்ன முக்கியம்? என்கிட்ட இருந்த பழைய போன்ல லைன் வந்தா படம் வராது, படம் வந்தா டீச்சரோட வாய் மட்டும் அசையும். கொஞ்ச நாள் படிக்கட்டுல, கொஞ்ச நாள் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலன்னு லைன் தேடி அலைஞ்சேன். அப்புறம் அலுத்துப்போச்சு.

நான் பார்சல் கட்டுற வேலைக்குப் போறேன், பள்ளிக்கூடம் வேணாம்னு உங்ககிட்ட போன்ல சொன்னேன். நீங்க திட்டுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க திட்டல.

"பெரட்டுல பேர் இருக்கணும்மா. பேர் வெட்டுப்பட்டுட்டா அப்புறம் உள்ள வர்றது கஷ்டம்" அப்படின்னீங்க.

பெரட்டுன்னா என்னன்னு எனக்கு ஒழுங்காத் தெரியாது. நீங்க பிறந்த தோட்டத்துல விடியக்காலையில எல்லாரையும் நிறுத்தி வெச்சு, கணக்கு எழுதுற கிராணி பேர் கூப்பிடுவாராம், குரல் குடுக்காதவனுக்கு அன்னிக்கு வேலை இல்லையாம். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க, எத்தனை தடவை நான் கொட்டாவி விட்டிருப்பேன். கடைசியில அந்தப் பெரட்டுக்கு நீங்களே வந்து நின்னீங்க. என் பள்ளிக்கூட அக்கவுண்டை உங்க போன்ல போட்டுக்கிட்டீங்க. ராத்திரி முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டு, காலையில ரூமுக்கு வந்து குளிச்சுட்டு, கேமராவை அணைச்சுட்டு, மெர்லின்ங்கிற பேர்ல வகுப்புல உட்கார்ந்தீங்க. "இங்க லைன் பறக்குதும்மா"ன்னு ஒரே பெருமை.

டீச்சர் பேர் கூப்பிட்டா சாட்ல 'ஹாடிர்'னு அடிங்க, வந்திருக்கேன்னு அர்த்தம், அவ்வளவுதான் வேலைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நாலு நாள் ஒழுங்கா அடிச்சீங்க. அஞ்சாம் நாள் தூக்கக் கலக்கத்துல, சரித்திரப் பாடத்துல, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில பழகின மாதிரி, தமிழ் எழுத்துலயே அடிச்சு விட்டுட்டீங்க: 'உள்ளேன் டீச்சர்.'

அந்தப் பாடம் எடுத்த ரொஹானா டீச்சர், மலாய்ல சிக்கு ரொஹானா, வடக்க கெடாக்காரங்க. மலாய்ல 'என்ன?'ங்கிறதுக்கு நம்ம ஜொகூர்ல 'அப்பெ'ம்பாங்க. அவங்க வாயில அது சுத்தமா 'அப்பா'ன்னு வரும். உங்க எழுத்து புரியாம அவங்க கேட்டாங்க:

"மெர்லின்... அப்பா?"

மாட்டிக்கிட்டோம்னு நினைச்சு மைக்கைத் திறந்துட்டீங்களே, அலாமாக்! அந்தக் கரகர குரல்ல, "ஆமா சிக்கு, அப்பாதான். மன்னிச்சிருங்க!"

அன்னிக்கு எனக்கு வந்த மெசேஜுக்கு அளவே இல்ல. 'மெர்லினுக்கு மீசை முளைச்சிருச்சு'ன்னு ஒருத்தன். ரெண்டு நாள் உங்ககூட நான் பேசல. ஆனா சிக்கு ரொஹானா உங்களை வெளிய அனுப்பல. வீட்டுல லைன் இல்ல, பிள்ளை பேர் போயிரக் கூடாதுன்னு நீங்க மலாய்ல சொன்னதை முழுசாக் கேட்டுட்டு, "சரி, நீங்க உட்காருங்க. ஆனா பாடத்தை அவகிட்ட சொல்லிடணும்"னாங்க. அப்புறம் தினமும் என் பேரைக் கூப்பிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அப்பா?"ன்னு தமிழ்லயே கேப்பாங்க. நீங்க 'உள்ளேன்'னு அடிப்பீங்க.

நீங்க பாடம் சொன்ன அழகு இருக்கே! ஜப்பான்காரன் வந்த கதையை அடுப்படியில நின்னு போன்ல கேட்டேன். "சைக்கிள்லயே வந்து பிடிச்சுட்டானுங்கம்மா! வெள்ளைக்காரன் பாலத்தை வெடி வெச்சு உடைச்சான். இப்ப பாரு, உடைக்காமலே மூடிட்டாங்க." இதை அப்படியே பரீட்சையில எழுதலாமான்னு கேட்டேன். கடைசி வரியை மட்டும் விட்டுறச் சொன்னீங்க.

அடுத்த வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடவை படத்தோட பேசினீங்க. "பெரட்டு எடுத்தாச்சா?"ன்னு கேட்டீங்க. எடுத்தாச்சுன்னேன்.

மத்ததை நான் சுருக்கமாச் சொல்றேன். உங்க இறுதிச் சடங்கைப் பார்க்க லிங்க் அனுப்பினாங்க. பாடம் நடந்த அதே ஆப், அதே கட்டம் கட்டமான திரை. மைக்கை அணைச்சு வைங்கன்னு எழுதியிருந்துச்சு. அங்க யாரோ ஒரு ஐயா, நல்ல மனுஷன், "குடும்பத்துல எல்லாரும் இருக்கீங்களா?"ன்னு கேட்டார். நான் மைக்கைத் திறந்தேன். எங்க லைன் நின்னு போச்சு. திரும்ப வந்தப்ப தகன அறைக் கதவு மூடியிருந்துச்சு. உங்களை நான் வழியனுப்பவே இல்லப்பா. அந்தக் கோவம் இன்னும் எனக்குப் போகல, யார் மேலன்னுதான் தெரியல.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் சிக்கு ரொஹானா நேர்ல பேர் கூப்பிட்டாங்க. "மெர்லின்"னாங்க. பழக்கத்துல கொஞ்சம் நிறுத்தினாங்க. அப்புறம் அடுத்த பேருக்குப் போயிட்டாங்க. வேலைக்குப் போகணும்ங்கிற எண்ணம் எனக்கு அதுக்கப்புறம் வரல. பரீட்சை எழுதினேன், சரித்திரத்துல நல்ல மார்க்கு. பாலத்தைப் பத்தின கேள்வி வரல.

இப்ப உங்களுக்கு எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வர்றேன். போன வாரம் கல்லறைத் திருநாள். பூசையில சாமியார் இறந்தவங்க பேரையெல்லாம் வாசிப்பாரே, வீட்டுல ஒருத்தர் எழுந்து மெழுகுவத்தி ஏத்துவாங்களே, அதுதான். வருஷா வருஷம் அம்மாதான் போவாங்க. இந்தத் தடவை முட்டி வலின்னு என்னைத் தள்ளிவிட்டாங்க. நான் நடுப் பாதையில நிக்கிறேன். சாமியார் ஒவ்வொரு பேரா வாசிக்கிறார், ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தர் நகர்றாங்க, யாரும் வாயைத் திறக்கல.

"சவரிமுத்து மரியதாஸ்."

"உள்ளேன்"னு சொல்லிட்டேன்ப்பா. சத்தமாத்தான் சொன்னேன். முன்னால நின்ன அங்கிள் திரும்பிப் பார்த்தார். மெழுகுவத்தியை ஏத்திட்டு வந்து உட்கார்ந்தப்ப அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஜெரோம் என் காதுகிட்ட வந்து, "டீச்சரை விட்டுட்டியேக்கா"ன்னான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு, அதோட அழுகையும். வாயைப் பொத்திக்கிட்டாங்க. நானும்தான்.

நீங்க சொன்னதுதானே, பேர் வெட்டுப்படக் கூடாதுன்னு? உங்க பேரை எங்க, யார் கூப்பிட்டாலும் நான் குரல் குடுப்பேன். இனிமே எந்த லைனும் நின்னு போகாது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்திருக்கீங்க, நீங்க தூங்குங்க.

உங்க பெரட்டுக்கும் சேர்த்து நிக்கிற மகள்,
மெர்லின்