பேக்கப் ஆச்சா

மார்ச் 3, திங்கள்

பதிவை ஏற்றி வைத்த அந்த எஸ்எஸ்டி டிஸ்க் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. செய்யேன், அதையும் செய்துவிட்டுப் போ.

உள்ளே இருப்பது அப்பாவின் குரல். ஜனவரியில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதிவு செய்தது. ஜெபம், பேரப்பிள்ளைகள் பெயர், தான் வேலை பார்த்த டாங்கி ஃபேக்டரிக் கதை என்று ஆறு மணி நேரம். பிப்ரவரி பத்தாம் தேதி புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மாதா கோவிலில் இருபது வருஷம் உபதேசியாராக இருந்து, மைக் இல்லாமல் ஜெபமாலை சொன்ன மனுஷன், இப்போது நோட்டில் எழுதிக் காட்டுகிறார்.

பதறக் கூடாது. தம்பியிடம் இன்னொரு காப்பி இருக்கிறது.

மார்ச் 4

இல்லை. பெனிட்டோவிடம் எதுவும் இல்லை.

"எந்தக் காப்பிக்கா?" என்கிறான். எந்தக் காப்பியாம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

மார்ச் 5

வாட்ஸப்பைத் தோண்டி எடுத்தேன். ஜனவரி 26 மாலை எஸ்எஸ்டியை அவன் கையில் கொடுத்து, உன் ஹார்ட் டிஸ்கிலும் ஒன்று போட்டு வை என்றேன். மறுநாள் கேட்டிருக்கிறேன்: "பேக்கப் ஆச்சா?" அவன் பதில்: "ஆச்சு." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழித்தேன்.

சாயங்காலம் வந்தான். போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அன்னிக்கு பூந்தமல்லில சீரியல் ஷூட்டிங்ல லைட் கட்டிகினு இருந்தேன். வேலை முடிஞ்சு மூட்டை கட்டுறதத்தான் நாங்க பேக்கப்னு சொல்லுவோம். ஊட்டுக்குக் கெளம்பிட்டியானு கேக்குறன்னு நெனச்சேன்."

"டிஸ்க் காப்பி பண்ணச் சொன்னது?"

"மறந்துட்டேன்க்கா. அடுத்த வாரம் நீ டிஸ்க்க திருப்பிக் கேட்ட, ஆஸ்பத்திரி அலைச்சல்ல அப்டியே திருப்பிக் குடுத்துட்டேன்."

அவனுடைய பேக்கப் pack-up, என்னுடைய பேக்கப் back-up. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இருக்கிற ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? யார் மேல் கோபப்படுவது? தமிழ் எழுத்து மேலா? அவனைப் போ என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் போனான்.

மார்ச் 8, சனி

அம்பத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எத்திராஜிடம் கொண்டுபோனேன். கையில் எடுத்த உடனே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே காட்டினார்.

"இது எஸ்எஸ்டியே இல்ல மேடம். மெமரி கார்டு ஒண்ண கோந்து போட்டு ஒட்டிகீறான். வெயிட்டுக்கு இரும்புத் தகடு வச்சிகீறான். ரெண்டு டெரான்னு காட்டும், உள்ள அறுபத்து நாலு ஜிபிதான் கீது. ரொம்பிட்டா பழசு மேலயே எழுதிகினு போவும். இதுல அப்புறம் வேற எதுனா போட்டீங்களா?"

போட்டேன். சித்தி மகள் கல்யாண வீடியோ முழுசையும் போட்டேன். அப்பா பேசியதன் மேல் நானே மேளத்தை ஏற்றி வைத்திருக்கிறேன்.

"வராதா?"

"வராது மேடம். பொய் சொல்லி உங்க கைல காசு வாங்கமாட்டேன்."

மார்ச் 10

ஆன்லைனில் விற்றவனுக்கு எழுதினேன். வாரண்டி இருக்கிறதாம், புதுசு அனுப்புகிறார்களாம். வாரண்டி பெட்டிக்குத்தான், உள்ளே இருந்ததற்கு இல்லை. அப்பாவுக்கும் ஒரு புதுத் தொண்டை சேர்த்து அனுப்பு என்று எழுதிவிட்டு அழித்தேன். அனுப்பியிருக்கலாம்.

மார்ச் 12

ஆபீசில் எனக்கு என்ன வேலை? டெஸ்டிங். அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறதா என்று பன்னிரண்டு வருஷமாகத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். சொந்த அப்பா குரலை ஏற்றிய டிஸ்கைக் கழற்றி, மறுபடி செருகி, ஒரே ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேனா? இல்லை. நாலாயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள், அது போதும் என்று இருந்துவிட்டேன். என்னைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

மார்ச் 13

அப்பா நோட்டில் எழுதிக் காட்டினார்: "நான் இருக்கேனே."

கோபம்தான் வந்தது. இருக்கிறார், சரி. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுகிறார். என் பெயரை இனி அந்த வாய் சொல்லாது. அது எனக்கு வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் பெனிட்டோ வந்து, ஒரு ஹார்ட் டிஸ்கை மேஜைமேல் வைத்தான். எத்திராஜ் கடையில் பில் போட்டு வாங்கியதாம். அவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். வீட்டோடு கிடக்கிற காப்பிக்கு ஹார்ட் டிஸ்க் நல்லதாம், கீழே மட்டும் போடக் கூடாதாம். சாகும் முன் பெரும்பாலும் டிக் டிக் என்று சத்தம் கொடுத்துச் சொல்லிவிடுமாம். எஸ்எஸ்டி விழுந்தாலும் தாங்கும், ஆனால் சொல்லாமல் போய்விடும், கரண்ட் கொடுக்காமல் வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பதை மறந்தும் போகுமாம். காப்பி இரண்டு வேண்டும், டிஸ்க் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்க வேண்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். எது வாங்கினாலும் முதலில் நிறைய நிரப்பி, திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

எல்லாம் சரி. இப்போது எதை வைப்பது அதில்?

அதைத்தான் கேட்டேன். டிஸ்கை மேஜைமேலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மார்ச் 24

பெனிட்டோ போன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

விற்றவன் மேல் புகார் கொடுக்க பில் தேவைப்பட்டது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் தேடினேன். பில் கிடைக்கவில்லை. 'வேண்டாதது' என்று ஒரு ஃபோல்டர் கிடந்தது.

நான் வைத்த பெயர்தான். போனில் பதிந்ததை இந்த லேப்டாப்பில் ஏற்றி, அப்பா இருமிய இடம், தடுமாறிய இடம், வெளியே ஹாரன் கேட்ட இடம் எல்லாவற்றையும் வெட்டி அதில் தள்ளியிருக்கிறேன். நல்லதை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். குப்பையை யார் மாற்றுவார்கள்? கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. இருபத்து மூன்று துண்டு, மொத்தம் பதினோரு நிமிஷம்.

கேட்டேன். முக்கால்வாசி நான்தான் பேசுகிறேன்.

"இருமாம சொல்லுப்பா." "மறுபடி மொதல்லேர்ந்து." "இப்படி இழுத்தா யாருக்குப் புரியும்?"

அவர்: "சரிம்மா." இருமல். "சரிம்மா, திரும்பச் சொல்றேன்."

தொண்டையில் கட்டியோடு இருந்த மனுஷனை இந்தப் பாடு படுத்தியிருக்கிறேன். கேட்கக் கேட்க என் குரலை நெரிக்கலாம் போல இருந்தது.

பத்தொன்பதாவது துண்டில், இப்படியே செய்தால் எழுந்து போய்விடுவேன் என்கிறேன். அவர் சிரிக்கிறார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாகிறது. அப்புறம்:

"ஆக்னஸு, வலி எனக்குத்தானே, நீ ஏன் கத்துற? இந்தா, ஒரு வாய் தண்ணி குடி."

பெனிட்டோவுக்கு போன் போட்டேன். டிஸ்க் இன்னொன்று வேண்டும், வேற கம்பெனி, பில்லோடு வாங்கி வா என்றேன். ஒரு மணி நேரத்தில் வந்தான். இரண்டையும் நிரப்பிச் சோதித்து, அழித்து, காப்பி போட்டு, கழற்றி, மறுபடி செருகி, ஒவ்வொரு துண்டாகத் திறந்து பார்த்தோம். இரண்டிலும் இருபத்து மூன்று. ஒன்றை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன். அவனைச் சாப்பிட வைத்தேன்.

சத்தம் கேட்டு அப்பா அறைக்குள் வந்து நின்றார். கடைசிவரை கேட்டார். நோட்டை எடுத்து எழுதினார்: "நல்லா திட்டியிருக்கே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டேன்.