எங்காத்துல எலி கிடையாது

ஜூலை 3, 2024, புதன்

அரிசி டப்பாவுக்குப் பின்னால் கறுப்பாக, சோம்பு அளவில், ஏதோ சிதறிக் கிடந்தது. நாங்கள் சோம்பு வாங்குவதே இல்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னார்: "பல்லியாக்கும்."

இவ்வளவு போடுகிற பல்லி என்றால் அதற்கு முதலை என்று பெயர்.

"எலிப்புழுக்கை, ஏன்னா."

"நம்மாத்துலயா? வெங்காயத்தையே யோசிச்சு வாங்கறவா நாம. நன்னாருக்கு, கேட்டியா!"

பம்பாயில் இந்த மாட்டுங்கா எலிகள் சமையலை விசாரித்துவிட்டுத்தான் வீடு புகும் போலிருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

பில்டிங் செக்ரெட்டரி திரு. சுந்தரராமன் அவர்கள் — அதாவது என் கணவர் — லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். தரைத்தளத்து ஷாலினி டிஃபின் டப்பா தொழில் செய்வதால்தான் கட்டடத்தில் எலி வருகிறதாம். அவள் அடுப்படியை நான் பார்த்திருக்கிறேன். தரையிலேயே சப்பாத்தி இடலாம், அவ்வளவு சுத்தம்.

இவர் இதை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே லாஃப்டில் கரகரவென்று சத்தம். "காத்து" என்றார். காற்றுக்கு வால் உண்டு என்பதை இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 5

எலிக்கு மருந்து வைக்கிற பெஸ்ட் கண்ட்ரோலைக் கூப்பிடலாம் என்றேன். "வண்டி வாசல்ல நின்னா யாராத்துக்குன்னு கேப்பா. மானம் போயிடும்." மானத்தையும் லாஃப்டில்தான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எலி அதையும் கடித்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

ஜன்னல்களைச் சாத்தி, கதவைத் தாழ் போட்டு, பரம ரகசியமாக லாஃப்ட் சுத்தம். மழை ஒழுகி உள்ளே எல்லாம் ஈரம். பழைய பேப்பர், புழுக்கை, மூத்திர நாற்றம், எல்லாம் ஒரே கூழ். வெறுங்கையால் வாரினார். எண்ணெய் டின் விளிம்பு விரலைக் கிழித்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே கை.

"கிளவுஸ் போட்டுக்கோங்கோ. பிளீச்சிங் தண்ணியாவது தெளிச்சு ஊற விட்டுட்டு அப்பறம் எடுங்கோ."

"நான் என்ன ஆபரேஷனா பண்றேன்?"

வாரிய குப்பையைப் புடவைக் கடைப் பையில் கட்டி, கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார். பார்த்தவர்கள் எனக்குப் பட்டுப்புடவை என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 15, திங்கள்

காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டால் அலறுகிறார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. "வைரல்" என்கிறார். பல்லியைக் கண்டுபிடித்த அதே நிபுணர்.

ஜூலை 17, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. சிறுநீர் சரியாகப் போகவில்லை. பெண் டாக்டர் கேட்டாள்: மழைத் தண்ணீரில் நடந்தீர்களா? இல்லை. வீட்டில் எலி உண்டா?

ஷாலினி அப்போதுதான் கஞ்சி டப்பாவோடு வந்து நின்றிருந்தாள். நோட்டீஸைப் படித்த பிறகும் வந்திருக்கிறாள். எனக்கே அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. இவர் சிவந்த கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்காத்துல கிடையாது. கிரவுண்ட் ஃப்ளோர்ல உண்டு." அதையே டாக்டருக்காக இந்தியில் இன்னொரு தரம்.

படுத்த படுக்கையிலும் செக்ரெட்டரி! என்ன மனுஷன் இவர்? செத்தாலும் பரவாயில்ல, எலி வந்துதுன்னு வெளில தெரியப்படாதா? அப்பறம் நான் என்ன பண்ணுவேன், அந்த லாஃப்டைப் பாத்துண்டு ஒக்காந்திருக்கவா?

"இருக்கு டாக்டர்," என்றேன். "நிறைய இருக்கு. வெட்டுப்பட்ட கையால புழுக்கையை இவரே வாரிக் கொட்டினார்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டாள். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷாலினி டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 19

லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல். எலி மூத்திரத்தில் இருக்கிற கிருமி, வெட்டுக்காயம் வழியாக உள்ளே போயிருக்கிறது. இன்னும் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்றாள் டாக்டர். பயமாக இருக்கிறது.

ஜூலை 22

சிறுநீர் நன்றாகப் போகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் செய்த எந்தக் காரியத்துக்கும் நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஜூலை 29, திங்கள்

வீடு. என்னோடு பேசவில்லை. ஷாலினியின் டப்பாவைத் தேய்த்து, துடைத்து, அலமாரியில் தனியாக வைத்தார்.

ஆகஸ்ட் 3, சனி

பெஸ்ட் கண்ட்ரோல் வண்டி வாசலில் நின்றது. இவர்தான் போன் செய்திருக்கிறார். பாதிக் கட்டடம் கீழே கூடிவிட்டது. மருந்து அடிக்க வந்த பைசான் என்கிற பையன் நோட்டீஸைப் படித்துவிட்டு, "செக்ரெட்டரி சாப், கிரவுண்ட் ஃப்ளோர்லேர்ந்து ஷுரூ கரூம்?" என்றான், அங்கிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று. ஷாலினி மாவுக் கையோடு தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் அவள் டப்பா.

"நஹீ," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "தர்ட் ஃப்ளோர். ஹமாரே கர் ஸே." எங்காத்திலிருந்து.

பிறகு நோட்டீஸைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, மெல்ல நடந்து போய் டப்பாவை அவரே அவளிடம் நீட்டினார்.

கிண்டலாக எழுத ஏதாவது அகப்படுமா என்று வெகு நேரம் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.