காயா, பழமா?

மார்ச் 3
சிறைக்கு இன்று வந்த கடிதங்கள் நாற்பத்தொன்று. படித்துப் பார்த்துக் கைதிகளுக்கு அனுப்புவது என் வேலை. அவர்களில் ஒரு தையற்காரருக்கு அவர் மனைவி எழுதியதை மட்டும் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். மூன்றே வரி: "காய் விட்டு ஒரு மாசம் ஆச்சு. நீங்க சொன்னாத்தான் பழமாம். ஒரு வார்த்தை எழுதுங்க, போதும்."

யார் விட்டது? எதை?

மார்ச் 4
காய்கறி இல்லை. அதற்கு எதற்கு இவர் அனுமதி? போன வேலை முடிந்ததா என்று கேட்க "காயா, பழமா?" என்போமே, அதுவோ? அப்படியானால் வெளியே என்ன வேலை நடக்கிறது?

மார்ச் 6
அவர் அறையில் சோப்பில் செதுக்கிய சதுரங்கக் காய்கள் இருக்கின்றனவாம். காவலரிடம் கடிதத்தைக் காட்டினேன். "உள்ள இருந்துக்கிட்டே காய் நகர்த்துறான் சார்," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மார்ச் 9
வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி "இன்னும் கொஞ்சம் காய் வைக்கவா?" என்றாள். திடுக்கிட்டு நிமிர்ந்தேன். எனக்கு என்ன ஆச்சு?

மார்ச் 12
கடிதம் வந்ததா என்று தையற்காரர் தினமும் கேட்கிறார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நடிக்கிறாரோ?

மார்ச் 21
பார்வையாளர் நாள். வேவு பார்க்க நானே போய் நின்றேன். தையற்காரரின் மனைவியோடு ஆறு வயதுப் பெண் குழந்தை. கம்பி வலைக்கு முதுகைக் காட்டி நின்றது.

"சொல்லாம போயிட்டீங்கன்னு உங்ககூட காய் விட்டுட்டா. நீங்க பழம்னு எழுதினாத்தான் பேசுவாளாம். எழுதினேனே, ஏன் பதிலே போடல?"

"எனக்கு எதுவும் வரலியே."

"பொய்," என்றது குழந்தை, திரும்பாமலே.

பள்ளியில் நான் காய் விடாத ஆளா? இது மட்டும் ஏன்டா உனக்குத் தோணல?

மார்ச் 22
கடிதத்தைக் கொடுத்தேன். தபால் தாமதம் என்றேன். உறையில் மூன்றாம் தேதி முத்திரை. கவனித்தாரா, தெரியவில்லை. அங்கேயே ஒரு தாள் கேட்டு எழுதித் தந்தார். படிக்காமல் ஒட்டினேன்.

ஏப்ரல் 4
குழந்தை வலையில் மூக்கை வைத்துக்கொண்டு ஓயாமல் பேசியது. பல் விழுந்தது, பள்ளியில் இடம் மாற்றியது, எல்லாம். நான் வாசலோடு போய்விடப் பார்த்தேன். தையற்காரர் என்னைக் கைகாட்டினார்.

"இந்த மாமாதான் அம்மா லெட்டரத் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க."

குழந்தை எனக்குக் கையசைத்தது. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமலா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.