ஸ்கேன் அறையில் நாத்தனார்

மார்ச் 4

ஐந்தாம் மாதம். குழந்தை நன்றாக இருக்கிறது; இடது சூலகத்தில் ஒரு கட்டி இருக்கிறது. டாக்டரம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முதலில் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

கட்டியின் உள்சுவரில் முண்டு முண்டாக ஏதோ, அதில் ரத்த ஓட்டம் வேறு. "எம்ஆர்ஐ எடுத்துடலாம். அதுல கதிர்வீச்சு கிடையாது. சாய மருந்தும் போட மாட்டோம்."

புற்றா என்று கேட்டேன்.

"பார்த்துட்டுப் பேசலாம்மா."

மார்ச் 5

தையல் கடையில் ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பித் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

இவருக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே மயக்கம் வரும். அதனால் துணைக்குத் தன் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாராம். எனக்கும் அந்த நாத்தனாருக்கும் கல்யாணத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். போயும் போயும் அவங்கதானா கிடைச்சாங்க?

மார்ச் 7

எம்ஆர்ஐ அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது. நாத்தனாரின் மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டு இழுத்தும் அசையவில்லை.

"விரலோட வேணா எடுத்துக்குங்க. நான் உள்ள இருக்கணும்."

ஸ்கேன் எடுப்பவர் சிரித்துவிட்டார். கடைசியில் எப்படியோ கழன்றது.

இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். குழாய்க்குள் ஒரே தடதடப்பு. மூச்சை அடக்கச் சொன்னபோது அழுகை முட்டியது. முடியாது, எழுந்துடலாம்னு... அப்போது நாத்தனார் என் கால் பெருவிரலைப் பிடித்தார். முடியும்வரை விடவே இல்லை.

வெளியே வந்ததும் திட்டு: "ஏம்மா, காலு இப்படி ஜில்லுனு இருக்கே, ஒரு சாக்ஸ் போட்டுட்டு வரக் கூடாதா?"

மார்ச் 8

இன்னும் முடிவு வரவில்லை.

மார்ச் 10

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். அந்த முண்டுகள் கர்ப்பப்பையின் உள்சுவரைப் போலவே தெரிகின்றனவாம். மாதவிலக்கு ரத்தம் தேங்கிய பழைய கட்டிதான், கர்ப்பத்தால் அதன் சுவரும் தடித்திருக்கிறது.

"புத்து மாதிரி தெரியல. இப்போ ஆபரேஷன் வேண்டாம். விடாம கவனிச்சுக்குவோம்."

"நூத்துக்கு நூறு சொல்வீங்களா?" என்றார் நாத்தனார்.

"நூறு சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்குவேன்."

நானும்தான்.

மே 2

கட்டி வளரவில்லை. உள்ளே இருக்கும் ஆள் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறார். என்ன உதை!

செப்டம்பர் 3

மகளுக்குத் தொப்பி போடுவதா வேண்டாமா என்று காலையிலேயே எனக்கும் நாத்தனாருக்கும் சண்டை. இவர் மெதுவாக வாசல் பக்கம் நழுவிவிட்டார். நடுவில் டாக்டரம்மாவின் போன், நேற்று எடுத்த ஸ்கேனைப் பற்றி. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. முண்டுகளைக் காணோம்.

நாத்தனார் தொப்பியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சண்டையை எங்கே விட்டோம் என்று இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.