முள் வைத்த மீட்டர்

ஜனவரி 6, செவ்வாய்
மருமகள் ரஹீனா தன் காருக்கு வேகம் கூட்ட டர்போ போட்டிருக்கிறாள். இருபத்தைந்தாம் தேதி கோவையில் பந்தயம். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் சேர்கின்றனவா என்று காட்ட ஒரு மீட்டர் வேண்டுமாம். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். பந்தயமும் போச்சு, காரும் போச்சு.

"மாமி, கூட வாங்க. நீங்க வந்தா கடைக்காரர் ஏமாத்த மாட்டாரு."

என் வீட்டுக்காரர் மவுத்தாகிப் போன பிறகு என்னை யாரும் கடைக்குக் கூப்பிட்டதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி 9, வெள்ளி
கொச்சி கலூரில் கடைக்காரர் முதலில் விளக்குகள் வரிசையாக ஓடும் மீட்டரைக் காட்டினார். "இது மதி உம்மா, இதே போதும். காண நல்ல ரசமா இருக்கும்."

பெட்டியிலிருந்த ஆங்கிலத் தாளை வாசித்தேன். கூட, குறைய என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. கான்வென்டில் 'ஏறக்குறைய' என்று விடை எழுதினால் சிஸ்டர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் கொடுத்தேன்.

அளவு சொல்லும் வகையில் இரண்டு இருந்தன. ஒன்றில் சின்னச் சிவப்பு எண்கள், மற்றதில் பெரிய முள். ரஹீனா எண்ணை எடுத்தாள். முள்தான் மரியாதையாக இருக்கிறது என்றேன். உண்மை வேறு — அந்த எண்கள் எனக்கு ஒரே கறையாகத் தெரிந்தன. அதை நடுக்கடையில் எதற்குச் சொல்ல வேண்டும்?

ரஹீனா என்னை ஒரு நொடி பார்த்தாள். "முள்ளே இருக்கட்டும் சேட்டா."

ஜனவரி 13, செவ்வாய்
மீட்டரை இப்போதைக்கு வயரோடு சீட்டில் வைத்து, வண்டியை முற்றத்தில் நிறுத்தி ஓடவிட்டுப் பார்க்கிறாள். முள் நடுவைத் தாண்டி வலப்பக்கமே நிற்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தமாம். லேப்டாப்பில் பெட்ரோலைக் கூட்டினாள். மறுபடி வலப்பக்கம். இன்னும் கூட்டினாள்.

"எண் வச்சத வாங்கியிருக்கணுமோ" என்று முணுமுணுத்தாள். கண்தான் மங்கல், காது இல்லை. முள் என்ன தப்பு செய்தது? நான் என்ன செய்தேன்? சாயா கூடக் குடிக்காமல் படுத்துவிட்டேன்.

ஜனவரி 14, புதன்
கொடியில் காய்ந்த என் வெள்ளைத் துப்பட்டியில் கரி. அதற்கு நேர் எதிரே காரின் புகைக்குழாய். விரலை விட்டேன்; அடுப்புக்கரி போல அப்பிக்கொண்டு வந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"பட்டினி கிடக்கிற எஞ்சின் இவ்வளவு கரி கக்குமா மோளே?"

துணியைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். "இல்ல மாமி. இது பெட்ரோல அளவுக்கு மீறித் தின்ன கரி."

வண்டிக்கு அடியில் நுழைந்தாள். மட்டாஞ்சேரி உப்புக்காற்றின் வேலை: துருப்பிடித்து, புகையை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு விரிசல். அதன் வழியே வெளிக்காற்று நுழைந்திருக்கிறது; சென்சார் அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. எந்த மீட்டர் வாங்கியிருந்தாலும் இதையேதான் காட்டியிருக்கும்.

"முள்ளு மேல தப்பில்ல மாமி" என்றாள், முகமெல்லாம் துருவோடு. அது போதும் எனக்கு.

ஜனவரி 16, வெள்ளி
தோப்பும்படி பட்டறையில் விரிசலைப் பற்றவைத்தாகிவிட்டது. கூட்டிய பெட்ரோலைக் குறைத்தாள். முள் நடுவில். துப்பட்டியில் கறை போகவில்லை. போகட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு
இன்று மீட்டரை டாஷ்போர்டில் பொருத்தினாள். அது இடப்பக்கம் திரும்பியிருந்தது. கோணலாக மாட்டியிருக்கிறாயே என்றேன்.

"நான் ரோட்ட பாக்கணும்ல. நீங்க பக்கத்துல இருந்து முள்ளப் பாத்துச் சொல்லுங்க. வலப்பக்கம் போனா ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்துடுறேன்."

என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டிப் பார்க்கக் கூடவே ஏறி, சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். முள் நன்றாகத் தெரிந்தது.

ஜனவரி 25, கோவை
ஏழாவது இடம். எஞ்சின் பத்திரம். திரும்பும் வழியெல்லாம் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்கத் தேவையில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பாலக்காடு தாண்டியதும் கேட்டாள்: "எங்க நிக்குது மாமி?"