வந்ததும் போட்ட கையெழுத்து

ஜூன் 12, வியாழன்

இலஞ்சி தாண்டி இருக்கும் தேங்காய்ப் பவுடர் கம்பெனியில் பெண்கள் புகார்க் குழுக் கூட்டம். வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம்; அந்த வெளியாள் நான். இரண்டு வருடமாகப் போகிறேன். போனதும் கையெழுத்து, பிறகு டீ, பிறகு ‘புகார் ஏதும் இல்லை.’

இன்று முதல்முறையாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம், ஊர் ராயகிரி, பேக்கிங் பிரிவு, சட்டை எண் 114. சூப்பர்வைசர் செய்வதையெல்லாம் சொல்லச் சொல்ல, இடது கை நடுவிரலின் கறுத்த நகத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஹெச்.ஆர். மேனேஜர் ஷஹானா கம்ப்யூட்டரில் அடித்தாள். நான் என் நோட்டில் எழுதினேன். போகும்போது தங்கபுஷ்பம் என்னிடம் கேட்டாள்: “எழுதியாச்சுல்லா, டீச்சர்?”

ஆச்சு என்றேன்.

ஜூன் 20

சாரல் பிடித்துவிட்டது. கம்பெனியிலிருந்து தகவல் இல்லை.

ஜூன் 27

கூப்பிடாமலே போனேன். பேக்கிங் கூடத்தில் எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி. கண்கள் மட்டும் தெரிகின்றன. காற்றெல்லாம் தேங்காய் மாவு. ஷஹானா முன்னால் நடக்க, பேச்சு வரிசை வரிசையாக அடங்கியது. 114-ஐத் தேடித் தோளைத் தொட்டேன். முகமூடியை இறக்கினாள். வேறு முகம்.

தங்கபுஷ்பம் எங்கே?

“அப்படி யாரும் இங்கன இல்லையே.”

அடுத்தவளைக் கேட்டேன். அதற்கடுத்தவளை. அதே சொற்கள், அதே இழுப்பு, வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பு மாதிரி. ஷஹானாவின் கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயர் இல்லை. 12ஆம் தேதிக் கூட்டக் குறிப்பை எடுத்துக் காட்டினாள்: ‘புகார் ஏதும் இல்லை.’ கீழே கம்பெனி முத்திரை, பக்கத்தில் என் கையெழுத்து.

போலி இல்லை. நான் போட்டதுதான். முப்பத்துநாலு வருடம், பள்ளிக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் போட்டுப் பழகிய கை. அன்றும் நுழைந்ததும் நீட்டிய தாளில் போட்டுவிட்டு டீயை எடுத்திருக்கிறது. அப்போது மேலே என்ன எழுதியிருந்தது? வெறும் தாள்தானே?

ஜூன் 28

கனவு கண்டேனா? வீட்டில் இவரிடம் சொன்னேன். வயசு அறுபத்தாறு ஆவுதுல்லா என்றார், மெதுவாகத்தான். நோட்டைத் திறந்து பார்த்தேன். 114 இருக்கிறது. கறுத்த நகம் இருக்கிறது.

பள்ளியில் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடிப்போம். அடித்த பெயரும் வாசிக்கும்படி இருக்க வேண்டும். அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. இங்கே கோடுகூட இல்லை.

ஜூலை 2

தென்காசி மருந்துக்கடையில் ஷஹானா. என்னைப் பாராமல், அலமாரியைப் பார்த்தபடியே பேசினாள். வேலை நிலைப்பதும் போவதும் அவள் கையில் என்று அங்கே எல்லோருக்கும் பயமாம்.

“ஆளைச் சேக்கலாம், எடுக்கலாம், டீச்சர். வச்சுக்கிடத்தான் எனக்கு உரிமை இல்ல. அப்படி ஒரு ஆளே வேண்டாம்னு முதலாளி சொன்னாரு. எடுத்துட்டேன்.”

அன்று நான் எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். மருந்து வாங்காமலே போய்விட்டாள்.

ஜூலை 9

கூட்டம். ஷஹானாவின் நாற்காலியில் மணிகண்டபிரபு என்று ஓர் இளைஞர். ஷஹானா எங்கே என்றேன்.

“அப்படி யாரும் இங்கன இல்லையே, மேடம்.”

சிரித்த முகம். அதே இழுப்பு. ஷஹானா டம்ளர் வைத்து வைத்து மேசையில் படிந்த வட்டக் கறை அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு தாளை நகர்த்திப் பேனாவும் தந்தார். என் கை தானாகப் போனது — பாதிவரை. தாளில் ஓர் எழுத்தும் இல்லை. பேசி முடித்துப் போடுகிறேன் என்றேன். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. கையெழுத்துப் போடாமலே எழுந்து வந்தேன்.

வெளியே போகும் நேரம் குறிக்க வாசலில் நோட்டைக் கேட்டேன். உள்ளே வரும்போது நானே பெயர் எழுதிய நோட்டு. வாட்ச்மேன் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்க உள்ள வரவே இல்லையே என்றார்.

ஜூலை 10

ஷஹானாவின் எண் உபயோகத்தில் இல்லையாம்.

ஜூலை 15

நேற்று புது எண்ணிலிருந்து ஷஹானாவே கூப்பிட்டாள். கம்பெனி சிம்மையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். நோட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள்; இன்று போனேன். பெஞ்சில் அவள். பக்கத்தில் குடையை மடக்கும் ஒரு கை. நடுவிரலில் கறுத்த நகம், அடியில் புதுநகம் வெள்ளையாக முளைத்திருக்கிறது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

நான் நோட்டைக் கொடுத்தேன். ஷஹானா கொடுத்தது ஒரே ஒரு தாள்: நான் கையெழுத்திட்ட அந்தக் கூட்டக் குறிப்பின் நகல். எனக்குத் தலை குனிந்துவிட்டது. பெண்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரி அம்மா கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். உங்கள் புகார்க் குழுவில் ஆனந்தவள்ளி என்று ஓய்வுபெற்ற டீச்சர் இருக்கிறாரா?

“அப்படி யாரும் இங்கன இல்லையே, மேடம்.”

என் கை இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரி தாளை எடுத்தார். “இல்லாதவங்க கையெழுத்து உங்க கம்பெனி முத்திரைக்குப் பக்கத்துல எப்படி வந்துச்சு?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

பிறகு புதுக் கோப்பு. தங்கபுஷ்பம் முதலிலிருந்து சொன்னாள். சாயங்காலம் ஆகிவிட்டது. எழுதிய தாள்களை என் பக்கம் நகர்த்தினார்கள்.

“எழுதியாச்சுல்லா, டீச்சர்?”

“இரு. வாசிச்சுப் பாத்துக்கிடுதேன்.”

நான்கு பக்கம். கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.