முந்திரிக் கிளையில் துணிக்கிளி

மாப்ளே,

என் கல்யாணப் போட்டோவில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேனே, அது பெண் வீட்டாருக்குக் காட்டிய மரியாதை என்றுதான் இத்தனை வருஷமாக ஊரை நம்பவைத்திருக்கிறேன். உண்மை உனக்குத் தெரியும். கோடு போட்ட அந்த முழுக்கைச் சட்டையின் கை, மணிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. தைத்தவன் நீ. "கன்ட்ரோல் துணி, அளந்துதான் குடுக்குறான், பத்தலடா மாப்ள, நா என்ன பண்ண?" என்றாய். தையல்காரன் கல்யாணத்தில் தையல்காரனுக்கே துணி பற்றவில்லை!

நீ கண்ணை மூடி நாலு மாதமாகிறது. இன்று தகரப்பெட்டியைக் குடைந்தபோது அந்தப் போட்டோவோடு நீ தைத்துக் கொடுத்த துணிக்கிளியும் வந்தது. மிஷின் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. ஒரு பச்சைச் சிறகு மட்டும் தையல் விட்டுத் தொங்குகிறது.

அது யுத்த காலம், என் கல்யாணம் முடிந்த வருஷம். கிறிஸ்மஸ் குடிலை அலங்கரிக்க வரதராஜன்பேட்டை முழுக்கத் தேடியும் கலர்க் காகிதம் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் கையைப் பிசைந்தார். நீதான் முந்திக்கொண்டு, "காயிதம் இல்லாட்டி என்ன சாமி, எங்க கடையில துணி கெடக்கு" என்றாய். நம் மிஷின்களுக்கு அடியில் கிடந்த சாக்கை அவிழ்த்தோம். எல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் "பத்தல" என்று சொல்லிவிட்டு நறுக்கிப் பதுக்கியவை. பாதி உன் கைவரிசை, பாதி என்னுடையது. கிளி, மீன், நட்சத்திரம் என்று வெட்டி, இலவம்பஞ்சு அடைத்து, குடிலுக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கிளையை நட்டுத் தொங்கவிட்டோம். திருட்டுச் சாமானை ஊருக்கு நடுவே காட்சிக்கு வைத்திருக்கிறோம் என்பது மட்டும் இரண்டு மேதைகளுக்கும் உறைக்கவில்லை.

காலைப் பூசை முடிந்து குடில் பாலனின் பாதத்தை முத்தமிட வந்த மிளகாய் மண்டிக்காரர் சம்சாரம் ஒரு மீனைப் பிடித்து நிறுத்தினார்.

"இது என் ரவிக்கைத் துணில்ல? பத்தலன்னு சொல்லித்தானே கைய ஒட்ட வெட்டுன?"

"அக்கா, இந்த நட்சத்திரம் என் பாவாடை!" பின்னாலிருந்து இன்னொரு குரல்.

கூட்டம் கூடிவிட்டது. அன்று பெயர் கெட்டிருந்தால் மறுநாள் கடை கிடையாது. இரண்டு குடும்பத்துக்கும் கஞ்சி கிடையாது. வீரனான நான் அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் பதுங்கினேன். நீயோ கைகூப்பிக்கொண்டு முன்னால் போனாய்.

"ஆமாங்க, உங்க துணிதான். வூட்டுக்கு ஒரு துண்டாவது பாலன் மரத்துல தொங்கணும்னு வருசம் பூரா எடுத்து வச்சோம். முன்னாலயே சொல்லி வாங்குனா அது காணிக்கையாங்க? வசூலு!"

அவரவர் துண்டைத் தேடி எல்லாரும் கிளையைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஒவ்வொரு கிளியாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உன் மேல் பாய்ந்தார்.

"எங்க வூட்டுத் துண்டு எங்கடா? நாங்க என்ன இந்தக் கோயில் வேதக்காரங்க இல்லியா?"

அவர் தோள்துண்டின் ஓரத்தைக் கத்தரித்து அங்கேயே ஒரு நட்சத்திரம் தைத்துத் தொங்கவிட்ட பிறகுதான் உன்னை விட்டார். மறு வருஷத்திலிருந்து அளவு கொடுக்கும்போதே, "கிளிக்கு ஒரு சாண் வச்சுக்கப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அன்று மத்தியானம் இந்தக் கிளியை என் கையில் வைத்து, "இது மட்டும் திருட்டுத் துணியில்ல மாப்ள, அந்தோணியார் சத்தியமா" என்றாய்.

இப்போது கடையில் நான் ஒருவன்தான். எவராவது சட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தால் கால் பின்வாங்கத்தான் பார்க்கிறது. உன் கைகூப்பு ஞாபகம் வரும், முன்னால் போய்விடுகிறேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். எடுத்ததிலேயே திருடாமல் எடுத்தது.

சற்றுமுன் அந்தச் சிறகைத் தைத்துவிடலாம் என்று ஊசியில் நூல் கோத்தேன். சிறகு இத்தனை வருஷம் மூடியிருந்த இடத்தில் கிளியின் உடம்பு கோடு போட்ட துணி. போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கோடு.